குழந்தையை அளந்தவர்கள்

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பெற்றோரிடையே ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பிள்ளையை எதில் சேர்ப்பது? நீச்சலிலா, இறகுப்பந்திலா, கிரிக்கெட்டிலா, சதுரங்கத்திலா? நம் பாட்டன்மார் இக்கேள்வியை அறிந்தவர்கள் அல்லர். அவர்கள் காலத்தில் ஆட்டங்கள் பருவத்தோடு வந்து பருவத்தோடு போயின. பம்பரத்துக்கு ஒரு பருவம், பட்டத்துக்கு ஒரு பருவம், கிட்டிப்புள்ளுக்கு இன்னொன்று. தெருவில் எல்லோரும் எதை ஆடினார்களோ அதையே குழந்தையும் ஆடியது. இந்தக் குழந்தைக்கு உகந்தது இந்த விளையாட்டு என்று ஒன்று உண்டு, அதை முன்கூட்டியே கண்டறிந்துவிடலாம் என்ற எண்ணம் மிகவும் பிற்காலத்தது. அவ்வெண்ணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் படிக்கும்போது எந்த விளையாட்டு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைவிட, தேர்ந்தெடுத்தவர் யார் என்பதே நம்மை அதிகம் தொந்தரவு செய்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பள்ளிகளில் விளையாட்டு கட்டாயமாக இருந்தது. தேர்வு என்பதே இல்லை. குளிர்காலத்தில் கால்பந்து அல்லது ரக்பி, கோடையில் கிரிக்கெட், அவ்வளவுதான். ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக 1828 முதல் 1841 வரை இருந்த தாமஸ் ஆர்னால்டின் பெயரோடு இந்த மரபை இணைத்துப் பேசுவது வழக்கம். உண்மையில் ஆர்னால்டுக்கு விளையாட்டில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. அவருடைய மாணவர் தாமஸ் ஹியூஸ் 1857-ல் வெளியிட்ட 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' என்ற நாவல்தான் அந்தச் சித்திரத்தை உலகுக்குக் கொடுத்தது. ஒரு நாவல் ஒரு கல்விக் கொள்கையையே உருவாக்கிவிட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அந்தக் கொள்கை கப்பலேறி ராஜ்கோட்டின் ராஜ்குமார் கல்லூரிக்கும் வந்தது. ரஞ்சித்சிங்ஜி கிரிக்கெட் கற்றது அங்கேதான். அங்கெல்லாம் விளையாட்டு குணத்தை வார்க்கும் அச்சாகக் கருதப்பட்டது. எல்லாச் சிறுவர்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட வேண்டியவர்கள் என்பதால், ஒருவனுடைய உடல்வாகு என்ன என்று எவரும் கேட்கவில்லை.

உடலைக் கேட்டது இருபதாம் நூற்றாண்டு. அதை மிக முறையாக, மிகப் பொறுமையாக, ஒரு நாட்டின் எல்லாக் குழந்தைகளிடமும் கேட்டது கிழக்கு ஜெர்மனி.

ஏன் கிழக்கு ஜெர்மனி? 1949-ல் உருவான அந்நாட்டைப் பெரும்பாலான நாடுகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கீகரிக்கவில்லை. அங்கீகரிக்கும் நாட்டோடு உறவை முறித்துக்கொள்வோம் என்று மேற்கு ஜெர்மனி நெருக்கியது. 1956 முதல் 1964 வரை ஒலிம்பிக்கில் இரு ஜெர்மனிகளும் ஒரே அணியாகவே களமிறங்க நேர்ந்தது. 1968-ல்தான் தனி அணி வாய்த்தது. 1972-ஆம் ஆண்டுப் போட்டிகள் மியூனிக்குக்குக் கொடுக்கப்பட்டபோது, எதிரியின் மண்ணில் தன் கொடியும் தன் கீதமும் ஒலிம்பிக்கில் எழும் என்பதைக் கிழக்கு பெர்லினின் தலைவர்கள் கண்டுகொண்டார்கள். தூதரகங்கள் திறக்க முடியாத ஊர்களுக்கு ஓட்டக்காரர்களையும் நீச்சல்காரர்களையும் அனுப்பலாம். டிராக்சூட் அணிந்த தூதர்கள் என்று அவர்களுக்குப் பெயரே ஏற்பட்டது. ஒன்றே முக்கால் கோடிக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாடு அது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறையாக வரும். இத்தனை சிறிய நாடு அமெரிக்காவையும் சோவியத் யூனியனையும் எதிர்கொள்ள வேண்டுமென்றால், கையிலிருக்கும் எந்தக் குழந்தையையும் தவறவிடக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

1969 ஏப்ரலில் கட்சியின் அரசியல் குழு எடுத்த ஒரு தீர்மானம் இதில் முக்கியமானது. விளையாட்டுகள் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டன. ஊக்குவிக்கப்படுபவை ஒரு பக்கம். மற்றவை மறு பக்கம். பிரித்த அளவுகோல் கணக்கு. ஒரு நீச்சல் வீராங்கனை ஒரே ஒலிம்பிக்கில் நான்கு பதக்கம் வெல்லக்கூடும்; ஒரு கூடைப்பந்து அணியின் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துப் பட்டியலில் ஒரே பதக்கம்தான் ஏறும். ஆகவே கூடைப்பந்தும் ஹாக்கியும் வாட்டர் போலோவும் கைவிடப்பட்டன. அப்போது ஒலிம்பிக் பதக்க விளையாட்டாக இல்லாத டென்னிஸுக்கும் அதே கதி. கூடைப்பந்தை நேசித்த உயரமான சிறுவன் ஒருவன் அந்நாட்டில் அதன்பின் துடுப்புப் படகுக்கோ கைப்பந்துக்கோ போக வேண்டியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பனி ஹாக்கியும் கைவிடப்பட வேண்டிய பட்டியலில்தான் இருந்தது. ஆனால் உளவுத்துறையான ஸ்டாசியின் தலைவர் எரிஷ் மீல்கே அந்த ஆட்டத்தின் ரசிகர். அவர் தலைமையிலிருந்த டைனமோ சங்கத்தின் இரண்டு அணிகள், பெர்லினிலும் வைஸ்வாசரிலும், தப்பிப் பிழைத்தன. 1970 முதல் 1990 வரை கிழக்கு ஜெர்மனியின் பனி ஹாக்கி லீகில் அணிகள் மொத்தம் இரண்டே. அவ்விரண்டும் ஆண்டு முழுக்கத் தமக்குள்ளேயே மோதித் தேசியச் சாம்பியனைத் தீர்மானித்தன. உலகின் மிகச் சிறிய லீக் என்று இதைச் சொல்வார்கள். காஃப்காவிடம் சொல்லியிருந்தால் சற்று மிகை என்று அவரே வெட்டியிருப்பார்.

1973-ல் 'ஒருங்கிணைந்த கண்டறிதலும் தேர்வும்' என்ற திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. தலைப்பெழுத்துகளால் அதை ஈ.எஸ்.ஏ. என்று அழைத்தனர். முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு எனக் குறித்த நிலைகளில் பள்ளிக் குழந்தைகள் அனைவரும் அளக்கப்பட்டார்கள். உயரம், எடை, குறுந்தூர ஓட்டம், நெடுந்தூர ஓட்டம், தாண்டுதல், எறிதல். அளந்தவர் பெரும்பாலும் அந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரே. எண்கள் மேலிடத்துக்குப் போயின. குழந்தையின் இப்போதைய உயரத்தைவிட வளர்ந்தபின் எட்டப்போகும் உயரமே முக்கியம் என்பதால், அதையும் முன்கூட்டிக் கணித்தார்கள். குட்டையாகவே இருக்கப்போகும் சிறுமி ஜிம்னாஸ்டிக்ஸுக்கு. நெடிதாக வளரப்போகிறவள் படகுக்கு. எந்தெந்த விளையாட்டுக்கு எந்த வயது, எந்த உடல் என்று அட்டவணைகள் இருந்தன. ஒருநாள் பயிற்சியாளர் வீட்டுக் கதவைத் தட்டுவார். உங்கள் மகள் தேர்வாகியிருக்கிறாள் என்பார். எதற்கு என்று அவர்தான் சொல்வார்.

அப்படித் தேர்வான குழந்தைகள் சிறார்-இளைஞர் விளையாட்டுப் பள்ளிகளுக்குச் சென்றார்கள். 1950களின் தொடக்கத்திலிருந்தே இருந்த இப்பள்ளிகள் நாட்டின் இறுதிக்காலத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து இருந்தன. சுமார் பத்தாயிரம் பேர் அவற்றில் படித்தனர். விடுதி, நல்ல உணவு, பயிற்சிக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் பாடவேளை என அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தன. இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். குழந்தை பள்ளியில் 'சேர்ந்தது' என்று அவர்கள் சொல்லவில்லை. 'டெலிகீரன்' என்ற வினைச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். பிரதிநிதியாக அனுப்பிவைத்தல் என்று அதற்குப் பொருள். பத்து வயதுக் குழந்தை ஒரு தொழிற்சங்க மாநாட்டுக்கோ கட்சிக் கூட்டத்துக்கோ அனுப்பப்படுவதைப் போலப் பள்ளிக்கு 'அனுப்பப்பட்டது'. எதிர்பார்த்தபடி வளராத குழந்தையை வீட்டுக்குத் திருப்பிவிடுவதற்கும் அதே வினைச்சொல்லில் ஒரு முன்னொட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். ஓர் ஆட்சியை அறிய அதன் சட்டங்களைவிட அதன் வினைச்சொற்கள் சில சமயம் கூடுதலாக உதவும்.

உடல் பொருந்தினாலும் போதவில்லை. மேற்கில் உறவினர் இருக்கும் குடும்பம் என்றால் குழந்தைக்குக் கதவு மூடிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் போட்டிக்குப் போனவர் திரும்பி வராமல் போகக்கூடும் அல்லவா? அளவுநாடா குழந்தையின் கையை மட்டுமல்ல, அதன் அத்தை எந்த ஊரில் வாழ்கிறாள் என்பதையும் அளந்தது.

பலன் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. 1972-ல் மியூனிக்கில் 20 தங்கத்தோடு பதக்கப் பட்டியலில் மூன்றாம் இடம். 1976-ல் மாண்ட்ரியலில் 40 தங்கம். அமெரிக்காவைப் பின்தள்ளி இரண்டாம் இடம். 1988-ல் சியோலில், அந்நாட்டின் கடைசி ஒலிம்பிக்கில், 37 தங்கம் உட்பட 102 பதக்கங்கள். அப்பள்ளிகளில் படித்தவர்களில் பலர் அந்த நாட்களை நன்றியோடு நினைவுகூர்வதும் உண்டு. பெற்றோரின் வருமானம் அங்கே தடையாக இருக்கவில்லை. தொழிலாளி வீட்டுக் குழந்தையும் உலகத் தரமான பயிற்சியாளரிடம் கற்க முடிந்தது. இதை நாம் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. நம் ஊரில் திறமையுள்ள எத்தனையோ குழந்தைகள் ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் வாங்க வழியின்றித் தொலைந்துபோவதைக் கண்டவர்கள் இதை எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

ஆனால் அந்தத் தேர்வு எங்கே கொண்டுபோய் விட்டது? 1974 முதல் ஊக்கமருந்து கொடுப்பது அரசுத் திட்டமாகவே ஆகியது. அதற்கு 14.25 என்று எண் இருந்தது. ஓரல்-டுரினபோல் என்ற ஸ்டீராய்டு மாத்திரை விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பதின்ம வயதுச் சிறுமிகளிடம் அது வைட்டமின் என்று சொல்லப்பட்டது. குரல் தடித்தது, மயிர் வளர்ந்தது, பிற்காலத்தில் கல்லீரல் கோளாறுகளும் மகப்பேற்றுச் சிக்கல்களும் வந்தன. 1961 முதல் 1988 வரை விளையாட்டுத் துறையை ஆண்ட மான்ஃப்ரெட் ஏவால்டும் மருத்துவர் மான்ஃப்ரெட் ஹோப்னரும் 2000-ஆம் ஆண்டு ஜூலையில் பெர்லின் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். 142 பெண்களுக்கு உடற்காயம் விளைவிக்கத் துணைநின்றது குற்றம். ஏவால்டுக்கு 22 மாதம், ஹோப்னருக்கு 18 மாதம். இரண்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைகள். ஒரு நாள்கூட அவர்கள் அதற்காகச் சிறையில் இருக்கவில்லை.

அந்த வழக்கில் தரப்பாக இணைந்தவர்களில் ஒருவர் இனெஸ் கைப்பல். இவரை இலக்கிய வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைப் பருவத்தில் பொறுக்கப்பட்டவர் அல்லர். பதின்ம வயதின் பிற்பகுதியில் தடகளத்துக்கு வந்தவர். 1984-ல் நான்கு பேர் ஓடும் 100 மீட்டர் தொடரோட்டத்தில் யேனா நகரச் சங்கத்தின் அணி படைத்த சாதனையில் இவர் கால்களும் இருந்தன. 1989 கோடையில் ஹங்கேரி வழியாக மேற்குக்குத் தப்பினார். எழுத்தாளர் ஆனார், பெர்லினில் நடிகர்களுக்குச் செய்யுள் மொழியைக் கற்பிக்கும் பேராசிரியர் ஆனார், கிழக்கு ஜெர்மனியில் அச்சேற விடாமல் முடக்கப்பட்ட கவிஞர்கள், எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் தேடி யோவாக்கிம் வால்தரோடு சேர்ந்து ஓர் ஆவணக்காப்பகம் உருவாக்கினார். 2005-ல் அவர் ஜெர்மானியத் தடகளச் சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைத்தார். தொடரோட்டச் சாதனையிலிருந்து தன் பெயரை நீக்கிவிட வேண்டும், அது மருந்தின் துணையோடு பெறப்பட்டது என்றார். இப்போது பட்டியலில் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. மறைக்கப்பட்ட பெயர்களைத் தேடி மீட்டவர் தன் பெயரை மறைக்கக் கேட்டது நமக்கு ஆழ்ந்த ஒன்றாகப் படுகிறது.

மருந்தையும் உளவையும் ஒதுக்கிவைத்துவிட்டு, வெறும் அளவைகளை மட்டும் பார்ப்போம். சிறுவயதில் அளந்து எதிர்காலத்தைச் சொல்ல முடியுமா? 1985-ல் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய சகாக்களும் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்தநாட்களை எடுத்து அடுக்கினார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் வியக்கத்தக்க அளவு மிகுதி. ஆண்டின் இறுதி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவு. காரணம் ஜாதகம் அல்ல. வயதுப் பிரிவின் எல்லைக்கோடு ஜனவரி முதல் தேதி. பத்து வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஜனவரிக் குழந்தைக்கு டிசம்பர் குழந்தையைவிட ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி கூடுதல். பயிற்சியாளர் திறமை என்று கண்டது பல சமயம் வெறும் மாதங்களை. தேர்வானவனுக்கு நல்ல பயிற்சி, நல்ல ஆட்டங்கள். விடப்பட்டவன் வீட்டுக்குப் போனான். சில ஆண்டுகளில் மாதங்கள் உண்மையிலேயே திறமையாக மாறிவிட்டன. (பள்ளியில் சேர்ப்பதற்காகத் தலைமையாசிரியர் எழுதிக்கொண்ட ஜூன் மாதப் பிறந்தநாளோடு வாழும் நம் தலைமுறையை வைத்து இந்த ஆய்வைச் செய்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.)

2021-ல் ஆர்னே குல்லிஷ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அமெரிக்க உளவியலாளர்கள் இருவரோடு சேர்ந்து, முன்பே வெளிவந்த பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். மொத்தம் 6,096 விளையாட்டு வீரர்கள். அவர்களுள் 772 பேர் உலகின் உச்சியில் இருந்தவர்கள். சிறுவயதிலேயே ஒரே விளையாட்டில் ஆழ்ந்து விரைவாக முன்னேறியவர்கள் இளையோர் போட்டிகளில் வென்றார்கள். ஆனால் வளர்ந்தபின் உலக உச்சியை எட்டியவர்கள் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் பல விளையாட்டுகளை ஆடியவர்கள். தம் முதன்மை விளையாட்டுக்குச் சற்றுத் தாமதமாக வந்தவர்கள். தொடக்கத்தில் மெதுவாக முன்னேறியவர்கள். ஆறாம் வகுப்பில் அளவுநாடாவோடு நின்ற ஆசிரியர் கண்ணில் படாமல் போயிருக்கக்கூடியவர்கள் இவர்கள்தாம்.

இந்தியாவிலும் அரசு பொறுக்கிப் பார்த்தது. இந்திய விளையாட்டு ஆணையம் 1984-ல் நிறுவப்பட்டது. அதன் சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டம் தனி உடலை அளப்பதோடு நில்லாமல், இனத்தையே அளந்தது. வில்வித்தை மரபுள்ள பழங்குடிகளிடம் வில்லாளிகளைத் தேடியது. 1987-ல் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்திலிருந்து அப்படிக் கண்டெடுக்கப்பட்டவர்தான் லிம்பா ராம். அடுத்த ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் வில்லேந்தினார். 1992-ல் பெய்ஜிங்கில் உலக சாதனையைச் சமன் செய்தார். இது திட்டத்தின் ஒளிமிக்க பக்கம்.

இன்னொரு பக்கம் சித்திகளுடையது. நூற்றாண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். குஜராத்திலும் வட கர்நாடகக் காடுகளிலும் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்க ரத்தம் என்றால் ஓட்டத்தில் பதக்கம் என்று தலைநகரில் ஒரு கணக்குப் போடப்பட்டது. 1980களின் பிற்பாதியில் சித்திக் குழந்தைகள் ஊரூராகச் சோதிக்கப்பட்டு, தேர்வானவர்கள் தொலைதூரப் பயிற்சி மையங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். சிலர் தேசிய அளவில் பதக்கங்கள் வென்றார்கள். 1990களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. ஓடக் கற்றுக்கொடுக்கப்பட்டு, ஓடுவதற்கு இடமின்றி ஊர் திரும்பினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் பெயர்பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர்கள் வருவது குறிப்பிட்ட சில உயர்ந்த மேட்டு நிலங்களிலிருந்து; மேற்கிந்தியத் தீவுகளின் குறுந்தூர ஓட்டக்காரர்களின் முன்னோர் மேற்கு ஆப்பிரிக்கர்கள். பல தலைமுறைகளாக உத்தர கன்னடத்தில் விவசாயக் கூலிகளாக வாழ்ந்த ஒரு குழந்தையின் தோலைப் பார்த்து இவ்விரண்டில் எதை அவர்கள் எதிர்பார்த்தார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

அரசு வேண்டாம், பெற்றோரே தேர்ந்தெடுக்கட்டும் என்போமா? ஹங்கேரியின் லாஸ்லோ போல்கார் குழந்தை பிறக்கும் முன்பே முடிவு செய்துவிட்டார். மேதை பிறப்பதில்லை, வளர்க்கப்படுகிறான் என்பது அவர் கோட்பாடு. அதை நிறுவத் துணைவியாக வரச் சம்மதித்தவர் கிளாரா. சூசன், சோஃபியா, ஜூடித் என்று மூன்று பெண்கள். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கல்வி. அதற்காக அதிகாரிகளோடு ஓயாத போராட்டம். எந்தத் துறை என்பது மட்டும் முதலில் முடிவாகவில்லை. அலமாரியில் கிடந்த சதுரங்கக் காய்களைச் சிறுமி சூசன் கண்டெடுத்ததில் அதுவும் முடிவாயிற்று என்று அக்குடும்பத்தார் சொல்வதுண்டு. ஜூடித் 1991-ல் பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகி பாபி ஃபிஷரின் 33 ஆண்டுச் சாதனையை முறியடித்தார். சூசன் 1996-ல் பெண்கள் உலக சாம்பியன். மூவரும் மகிழ்ச்சியாகவே வளர்ந்ததாகச் சொல்கிறார்கள். நம்பாதிருக்கக் காரணம் இல்லை. ஆனாலும் மூன்று குழந்தைகள் ஒரு தந்தையின் கோட்பாட்டுக்குச் சான்றாக வளர்ந்தார்கள் என்பது நெருடத்தான் செய்கிறது.

லாஸ் வேகாஸில் ஆந்த்ரே அகஸ்ஸியின் தந்தை வேறு விதமானவர். 1948, 1952 ஒலிம்பிக்குகளில் ஈரானுக்காகக் குத்துச்சண்டை போட்டவர். வீட்டுக் கொல்லையில் டென்னிஸ் தளம் அமைத்து, பந்துகளை எறியும் இயந்திரம் ஒன்றை மகனுக்கு எதிரே நிறுத்தினார். மகன் அதற்கு டிராகன் என்று பெயர் வைத்தான். எட்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்று ஓய்வு பெற்ற பிறகு, 2009-ல் வெளியான தன்வரலாற்றில் அந்த மகன் எழுதியதன் சாரம், தான் டென்னிஸை வெறுத்தேன் என்பதே. விளையாட்டு வீரர்களின் சுயசரிதைகளில் இலக்கியத் தகுதி உள்ள சிலவற்றுள் அதுவும் ஒன்று.

கிழக்கு ஜெர்மனியின் இயந்திரம் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்த, லிம்பா ராம் கண்டெடுக்கப்பட்ட அதே 1987-ல் நார்வேயின் விளையாட்டுக் கூட்டமைப்பு சிறார் விளையாட்டுக்கென்று விதிகளை ஏற்றுக்கொண்டது. 2007-ல் அவை குழந்தைகளின் உரிமைகள் என்ற வடிவில் திருத்தி எழுதப்பட்டன. பன்னிரண்டு வயது வரை உள்ளோருக்கு அவை பொருந்தும். பதினொரு வயதை எட்டும் ஆண்டு வரை போட்டி முடிவுகளையோ தரவரிசையையோ வெளியிடக் கூடாது. பதின்மூன்று வயதுக்கு முன் தேசியச் சாம்பியன் பட்டப் போட்டி கிடையாது. பரிசு கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமான விதி இன்னொன்று. எந்த விளையாட்டு, எத்தனை விளையாட்டு, எவ்வளவு பயிற்சி என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை குழந்தையுடையது. மீறும் சங்கத்துக்குத் தண்டனை உண்டு. இவ்வளவு நீண்ட வரலாற்றில் குழந்தை தன் விளையாட்டைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையை ஒரு நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பே விதியாக எழுதிவைத்ததை நாம் இங்கேதான் காண்கிறோம்.

ஏறத்தாழ ஐம்பத்தைந்து லட்சம் மக்கள் கொண்ட அந்நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களும், 2022-ல் 16 தங்கம் உட்பட 37 பதக்கங்களும் வென்று இரண்டு முறையும் பட்டியலில் முதலிடம் பெற்றது. இதை அந்த விதிகளின் வெற்றி என்று மட்டும் எழுதிவிட்டால் அவசரமாகும். அங்கே பனி உண்டு, எண்ணெய்ச் செல்வம் உண்டு, ஊருக்கு ஊர் சங்கம் உண்டு, சம்பளமின்றிப் பயிற்சி கொடுக்கும் பெற்றோர் உண்டு. விதிகள் பதக்கத்தைக் கெடுக்கவில்லை என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்லத் துணிவில்லை. விதிகள் எல்லா வீட்டுக் கதவுகளையும் தாண்டிச் சென்றன என்றும் சொல்ல முடியாது. நார்வேயின் மிகப் பெரிய ஓட்டக்காரர் யாகோப் இங்கபிரிக்ட்சனும் அண்ணன்மார் இருவரும் தந்தையின் பயிற்சியில் வளர்ந்தவர்கள். 2023-ல் மூவரும் தந்தையின் மீது வன்முறைக் குற்றம் சாட்டினார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் தந்தையைப் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்து, மகள் ஒருவரை அடித்த ஒரு சம்பவத்துக்கு மட்டும் நிறுத்திவைக்கப்பட்ட பதினைந்து நாள் தண்டனை விதித்தது. நாடே அந்த வழக்கைக் கவனித்தது.

நம் சென்னைக்கு வருவோம். சதுரங்கம் விளையாட்டுதானா என்று கேட்பவர்களுக்கு, சர்வதேச ஒலிம்பிக் குழு அதன் கூட்டமைப்பை 1999-லேயே அங்கீகரித்துவிட்டது என்ற பதில் போதும். விஸ்வநாதன் ஆனந்த் ஆறு வயதில் தாய் சுசீலாவிடம் ஆடக் கற்றார். 1970களின் முற்பாதியில் மானுவேல் ஆரோன் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். சோவியத் பெயரைத் தாங்கிய அந்த இடம் யாரையும் அளந்து பார்த்து உள்ளே விடவில்லை, வந்தவர் ஆடினார். பலகைகள் குறைவு, ஆட்கள் அதிகம். ஆகவே மின்னல் ஆட்டம். வென்றவர் அமர்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஆனந்தின் புகழ்பெற்ற வேகம் அந்த வரிசையிலிருந்து வந்தது என்று அவரே கூறியிருக்கிறார்.

ஒரு தலைமுறை கழித்து, அதே நகரத்தில் ஒரு சிறுமி தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்று பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். மேதையை வளர்க்கும் கோட்பாடோ, எலும்பை அளக்கும் அட்டவணையோ அவர்களிடம் இல்லை. அச்சிறுமி வைஷாலி. பயிற்சிக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவை எண்ணி, அவரினும் நான்கு வயது இளைய மகனைச் சதுரங்கத்தில் விட வேண்டாம் என்றே முதலில் நினைத்ததாகத் தந்தை ரமேஷ்பாபு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அக்காவின் பலகை வீட்டில் இருந்தது. பிரக்ஞானந்தா அதன் எதிரே போய் உட்கார்ந்துகொண்டான்.